கலியாணம் போலத் தெரியாத கலியாணம்

மகளை மாப்பிள்ளையிடம் கனடாவுக்கு அனுப்புவதற்கான படிவத்தை ஹட்டன் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில்தான் நிரப்பினோம். போட்டோகொப்பி, பாஸ்போட் படம், கரண்ட் பில் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற கடை. கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் பிள்ளை கேள்வியை இங்கிலீசில் வாசித்து, எங்களிடம் தமிழில் கேட்டு, நாங்கள் சொல்வதை மறுபடி இங்கிலீசில் அடிக்கும். எனக்கு எட்டாம் வகுப்புதான். அதனால் அந்தப் பிள்ளையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலியாணம் நடந்த திகதி என்ன என்று கேட்டது. மகள் பைலுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. வைகாசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், மாப்பிள்ளை தாலி கட்டிய நாளைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை அடித்தது. வேறு எந்த நாளைச் சொல்வது? தாலி கட்டின நாள்தானே கலியாண நாள்.

அதற்கு ஒரு வருடம் முன்பே மாப்பிள்ளையும் மகளும் விவாகப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகம் வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது எழுத்து. எழுத்து வேறு, கலியாணம் வேறு என்றுதான் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

திகதிக்குப் பிறகு வந்த கேள்விகள்தான் எனக்கு அதிசயமாக இருந்தன. இருவரும் முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள், யார் பழக்கி வைத்தது, பேச்சு எப்படி வளர்ந்தது, இரண்டு பேருக்கும் பொதுவாக என்னென்ன பிடிக்கும். கடல் தாண்டி இருக்கிற ஒரு அரசாங்கத்துக்கு என் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெற்ற எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதில்லை. ஜாதகம் பார்த்தேன், குலம் கோத்திரம் விசாரித்தேன், பையன் குடிப்பானா என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பொதுவாக என்ன பிடிக்கும் என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரெண்டு பேருக்கும் மழை பிடிக்காது" என்றாள்.

"அது பிடிக்காததுல்ல அக்கா. பிடிச்சதக் கேக்குறாங்க."

"அப்ப வெயில்னு போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். மாதக்கணக்கில் மழை விடாத இந்த மலையில் பிறந்த இரண்டு பிள்ளைகள் வெயிலை வைத்து ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள். பனி கொட்டும் ஊருக்குப் போகத்தான் இந்தப் படிவம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எல்லாம் அனுப்பி மூன்று நான்கு மாதம் சத்தமில்லை. நான் கோயிலில் சாயங்கால விளக்குப் போடுகிறவன். வேலை விட்ட பிறகு அதுதான் எனக்கு வேலை. தினமும் அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன். எங்கள் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் எடுப்பதும் அந்தக் கோயில் மேட்டில்தான். உள்ளே நான் திரி போட்டுக்கொண்டிருந்தால், வெளியே படிக்கட்டில் பாதி லயம் உட்கார்ந்து சவூதிக்கும் கொழும்புக்கும் பேசிக்கொண்டிருக்கும். மகளும் அங்கேதான் மாப்பிள்ளையோடு பேசுவாள். அப்படி ஒரு நாள் அவள் போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து என்னிடம் நீட்டினாள். முகம் சரியில்லை.

மாப்பிள்ளை பேசினார். அங்கேயிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம்.

"மாமா, நான் என் பக்கத்துல ரெஜிஸ்டர் திகதியப் போட்டிருக்கேன். நீங்க தாலி கட்டுன திகதியப் போட்டிருக்கீங்க. ஏன் வேற வேறயா இருக்குன்னு கேக்குறாங்க. ரெஜிஸ்டர் அன்னைக்கு எடுத்த படம் எங்கன்னு கேக்குறாங்க. யார் யார் வந்தாங்கன்னு நான் போட்டதுல எங்கம்மா பேரு இல்ல, ஏன் வரலைன்னும் கேக்குறாங்க."

"ரெஜிஸ்டருக்கு அம்மா எதுக்கு வரணும்?"

"எனக்குத் தெரியும் மாமா. அவங்களுக்குத் தெரியாதே."

ஒரு மாதத்துக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படலாம் என்று எழுதியிருந்தார்களாம். தள்ளிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாலும், ஒரு தடவை சந்தேகப்பட்ட பைல் என்ற பெயர் கூடவே வரும் என்று மாப்பிள்ளை பயந்தார். தாலி கட்டி ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டுப் போனவர் அவர். மகள் கழுத்தில் தாலியோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். இப்படியே எத்தனை வருடம் இருப்பது?

அந்தப் பதிவு நாள் எப்படி நடந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கலியாணம் பேசி முடித்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் அப்பா தவறிவிட்டார். தலைத்திவசம் முடியாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது. ஆனால் மாப்பிள்ளைக்கு அங்கே லீவு கிடைப்பது பெரிய பாடு. அப்பாவின் காரியத்துக்கு என்று மூன்று வாரம் வந்தவர், போவதற்குள் எழுத்தை மட்டும் முடித்துவிட்டால் பேப்பர் வேலை பின்னால் சுலபமாக இருக்கும் என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். கையெழுத்துத்தானே, நல்ல காரியமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போச்சு என்று சம்மதித்தேன்.

அப்படியே பார்த்தும் கொண்டோம். மகள் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகும்போது போடுகிற சாதாரண சுடிதாரோடு வந்தாள். பழக்கத்தில் தலையில் கொஞ்சம் பூ வைத்திருந்தாள். பஸ் ஏறுமுன் என் மனைவி அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். மாலை இல்லை, குங்குமம் இல்லை. பதிவாளரே சிரித்துக்கொண்டு படம் ஒன்றும் எடுக்கவில்லையா என்று கேட்டார். மாப்பிள்ளை போனை எடுத்தார். நான்தான், "வேணாம் மாப்பிள்ள, இன்னும் ஆகலையே" என்று சொன்னேன். அவர் போனை உள்ளே வைத்துக்கொண்டார். கையெழுத்து முடிந்து எல்லோரும் கடையில் வடை சாப்பிட்டுப் பிளேன்டீ குடித்தோம். இனிப்பு வேண்டாம் என்று நானே வெயிட்டரிடம் சொன்னேன். பிறகு மாப்பிள்ளை தன் ஊருக்குக் கொட்டகலை பஸ்ஸில் போனார், நாங்கள் எங்கள் பஸ்ஸில் வந்தோம். அந்த மூன்று வாரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரே தடவை வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு விளக்கு வைக்குமுன் எழுந்து போனார். லயத்தில் யாரும் ஒரு குறை சொல்லவில்லை. நல்ல ஒழுக்கமான சம்பந்தம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கொமியுனிகேஷன் பிள்ளையிடம் சொன்னபோது அது வாயில் கையை வைத்துக்கொண்டது.

"ஐயா, விசாவுக்காகப் பொய்க் கலியாணம் செய்றவங்கதான் இப்படிச் செய்வாங்க. படம் இல்லாம, மாப்பிள்ளையோட அம்மா இல்லாம, கையெழுத்தப் போட்டுட்டு ஆளுக்கொரு பஸ்ல ஏறிப் போயிருவாங்க. பாக்குற ஆளுக்கு இது அதே மாதிரித்தான் தெரியும்."

எனக்கு அன்றைக்குத்தான் அந்த நாள் அப்படித் தெரிந்தது. கலியாணம் போலத் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறோம். எங்களை ஒரு தடவையும் பார்த்திராத, எங்கள் ஊர்ப்பெயரையே வாசிக்கத் தெரியாத ஒரு ஆபிசர் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆபிசராக இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளை எங்களுக்கு நல்லது நினைத்துத்தான் ஒரு வழி சொன்னது. மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதிவிடலாம், பையனின் அம்மா வராததுதான் கண்ணில் குத்தும். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று ஒரு சத்தியக் கடதாசி போட்டுவிட்டால் சரி, நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றது. மாதிரிக் கடதாசி ஒன்றைக்கூட எடுத்துக் காட்டியது. தமிழில்தான் இருந்தது. முதல் வரியிலேயே 'இந்து சமயத்தைச் சேர்ந்த நான் இத்தால் மனப்பூர்வமாகவும் உண்மையாகவும்' என்று தொடங்கியது. நான் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். என் சமயத்தை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் இல்லாத காய்ச்சலை எழுதுவது எப்படி? அதோடு, வராத காய்ச்சலை ஒருவருக்கு வந்தது என்று எழுதினால் அது வந்துவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு. சம்பந்தியம்மாவையே கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். படிவத்தில் இருந்த அந்தக் கட்டம் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கலியாணம் நடந்த திகதி என்று ஒரே ஒரு கட்டம். எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எதைப் போடுவது? நாங்கள் கோயிலில் தாலி கட்டி, மகன் பிறந்து, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரத்தில்தான் பதிவே செய்தோம். விளையாட்டாகக் கேட்டேன், நமக்கு எப்போது கலியாணம் ஆனது என்று.

"மாசியில. மறந்துட்டீங்களா?"

"அது தெரியும். உனக்கு எப்ப ஆன மாதிரி இருந்துச்சு?"

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் நறுக்கத் தொடங்கினார்.

"எம்பேரு இந்தத் தோட்டத்து செக்ரோல்ல ஏறுனப்ப. அதுவரைக்கும் உங்க வீட்டுல விருந்தாளி மாதிரித்தான் இருந்தேன். மலையில கொழுந்து நிறுக்கிறப்போ கணக்கப்பிள்ளை எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு பாருங்க, அன்னைக்குத்தான்."

அவர் கலியாணமாகி வேறு தோட்டத்திலிருந்து வந்தவர். வேலையாட்களின் பேர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் பேர் மாறி வர ஐந்தாறு மாதம் ஆனது. இத்தனை வருடத்தில் இதை அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. எழுத்து வேறு, கலியாணம் வேறு என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, என் வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்கு எழுத்தில்தான் கலியாணம் ஆகியிருக்கிறது.

மறுநாள் கொட்டகலைக்குப் போனேன். சம்பந்தியம்மாவின் வீடு பஜாருக்குப் பின்னால், ஸ்டேஷனுக்கு ஏறுகிற பாதையில் இருக்கிறது. வாழைப்பழமும் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். வந்த கடிதத்தைப் பற்றி மகள் முன்பே போனில் சொல்லியிருந்தாள். அதனால் நான் சுற்றி வளைக்காமல் காய்ச்சல் விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிக்குங்கண்ணே. வேணும்னா ரெண்டு நாள் படுத்தும் காட்டுறேன்" என்றார்.

கேலியா நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இது பெண் கொடுத்த வீடு. இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். ஆனால் எனக்கும் இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த ஆபிசருக்காக மட்டும் இல்லை.

"அன்னைக்கு நீங்க ஏந்தங்கச்சி வரல?"

"யாருண்ணே கூப்பிட்டீங்க?"

நான் அவரைப் பார்த்தேன். கோபமாகக் கேட்டது போலவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்.

கணவர் இறந்த வருடம் என்பதால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்ததைச் சொன்னேன். அவரே வர விரும்பமாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆளாளுக்கு மரியாதை பார்த்து விட்டுவிட்டோம்.

"வரமாட்டேன்னு சொல்ற வேலையையாவது எனக்கு விட்டிருக்கலாம்" என்றார். "நல்ல காரியம் இல்லன்னுதானே படம் வேணாம், பூ வேணாம்னு சொன்னீங்க. நல்ல காரியம் இல்லைன்னா நான் வந்தா என்ன ஆகியிருக்கும்?"

  கேள்வி சரியான கேள்வி. நான் பல தடவை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்கு வராது, சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் மகன் கிளம்பிப் போனதும் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதுளை ரயில் வந்து போனது. ஸ்டேஷன் ஆள் எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை, மகனுக்கு இன்றைக்குக் கலியாணம் என்று இவரும் சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல், நல்லது அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாராம். மத்தியானம் மகன் திரும்பி வந்ததும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். வடையும் பிளேன்டீயும் என்று சொன்னார் மகன்.

"எனக்குத் தாங்கலண்ணே. டப்பாவத் தொறந்து ஒரு கரண்டி சீனிய எடுத்து அவன் வாயில போட்டேன். அவுங்கப்பா படத்துக்கு முன்னாலயே போட்டேன். இருந்திருந்தா அவரும் அதத்தான் செஞ்சிருப்பாரு."

நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அத்தனை பேரும் அதைக் கலியாணம் இல்லை என்று ஆக்கப் பாடுபட்ட நாளில், அதைக் கலியாணமாக நடத்திவைத்த ஒரே ஆள் அங்கே வராதவர்தான். இதைக் கடதாசியில் சொல்வீர்களா என்று கேட்டேன். கேட்டால் சொல்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றார்.

அந்த வாரமே அவரை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கொமியுனிகேஷன் பிள்ளை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தது. அவர் சொல்லச் சொல்ல முதலில் தமிழில் அடித்தது, அப்புறம் இங்கிலீசில். நானும் என் கடதாசியைக் கொடுத்தேன். பூவை எடுத்தது, படம் வேண்டாம் என்று தடுத்தது, ஆளுக்கொரு பஸ்ஸில் போனது எல்லாம் எழுதினேன். பையனின் அம்மாவை நாங்கள் அழைக்கவில்லை என்றும் எழுதினேன். அதை எழுதத்தான் வேண்டுமா என்று மகள் கேட்டாள். எழுதாவிட்டால் அவர் வராத காரணம் வேறு எதிலும் இல்லையே என்று சொன்னேன். தீட்டு என்பதை இங்கிலீசில் எப்படிப் போடுவது என்று அந்தப் பிள்ளை திண்டாடியது. துக்கம் என்று போடட்டுமா என்றது. துக்கம் வேறு, இது வேறு என்று விளக்கப் போய், எனக்கே சரியாக விளக்கத் தெரியாமல் நடுவில் நின்றேன். கடைசியில், 'ஒரு வீட்டில் மரணம் நடந்தால் ஒரு வருடத்துக்கு அந்த வீட்டார் சந்தோஷத்தை வெளியில் காட்டுவதில்லை' என்று போட்டோம். நான் இத்தனை வருடம் கும்பிட்டு வந்த வழக்கம் இந்த ஒரு வரிக்குள் அடங்குமா என்று தெரியவில்லை. ஆனால் வாசித்துப் பார்த்தால் பிழையாகவும் இல்லை.

கையெழுத்துக்குச் சமாதான நீதவானிடம் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் முழுதாக வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

"உங்கட கடதாசியில சீனி போட்டதையும் எழுதியிருக்கிறியள். உது தேவையோ அம்மா?"

"அதத்தானேங்கய்யா நான் செஞ்சேன்."

அவர் முத்திரையை ஊதிவிட்டுக் குத்தினார்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் அங்கேயிருந்து ஏற்றி அனுப்பினார். தாலி கட்டிய நாளின் படங்கள் முன்பே போயிருந்தன. கூடுதலாக, படிக்கட்டில் உட்கார்ந்து பேசிய வட்ஸ்அப் பேச்சுக்களிலும் கொஞ்சம் அனுப்ப வேண்டும் என்றார்கள். எதை அனுப்புவது என்று மகள்தான் தேர்ந்தெடுத்தாள். நான் கேட்கவில்லை. ஆனால் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். வெயிலைப் பற்றி என்னதான் இவ்வளவு பேசுகிறார்கள் என்று.

பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் கோயிலில் நான் வேண்டிக்கொண்டது கொஞ்சம் விநோதமாக இருக்கும். விசா கிடைக்க வேண்டும் என்பதைவிட, வாசிக்கிற ஆபிசருக்குப் புரிய வேண்டும் என்றுதான் வேண்டினேன். அந்த ஆள் ஆணா பெண்ணா தெரியாது. பெண்ணாக இருந்து, பிள்ளை பெற்றவராகவும் இருந்தால் சீனி விஷயம் விளங்கிவிடும் என்று ஒரு எண்ணம். அவர்கள் ஊரில் அப்பா இறந்துபோனால் பிள்ளைகள் கலியாணத்தை எத்தனை நாள் தள்ளிவைப்பார்கள்? தள்ளியே வைக்கமாட்டார்களா? எங்களிடம் அத்தனை கேட்டார்களே, எங்களுக்கும் கீழே இரண்டு கட்டம் விட்டிருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

விசா குத்தப் பாஸ்போட்டை அனுப்பச் சொல்லி ஈமெயில் வந்தது ஒரு சாயங்காலம். நான் உள்ளே விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே படிக்கட்டில் மகளின் குரல் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் எட்டிப் பார்த்தேன். போனில், "அத்தை, கெடைச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். பத்தடி தூரத்தில் நிற்கிற அப்பாவுக்கு அப்புறம்தான் சொன்னாள். எனக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் அம்மாள் முன்னால் கற்பூரம் ஏற்றினேன். நன்றி சொன்னேன். சொல்லும்போதே, இத்தனை நாளும் நான் கேட்டது இவள் இந்தப் படிக்கட்டில் இல்லாமல் போவதைத்தான் என்பது புரிந்தது.

கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஒரு வேனில்தான் எல்லோரும் போனோம். கொட்டகலையில் நின்று சம்பந்தியம்மாவை ஏற்றிக்கொண்டோம். கினிகத்தேனையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். மகளுக்கும் என் மனைவிக்கும் நடுவில்தான் அவர் வழி முழுக்க உட்கார்ந்து வந்தார். மூன்று பேரும் என்ன பேசினார்களோ, முன்சீட்டில் இருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. ஊறுகாய்ப் போத்தலை ஒழுகாமல் எப்படிச் சுற்றுவது என்பது அதில் ஒன்று.

மகள் உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று, கையை ஆட்டி, பிறகு தெரியாமல் போனாள். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா அழவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"நாம எழுதுனதப் படிச்ச ஆளு அந்த ஊருலதான் இருப்பாங்களாண்ணே?"

"தெரியலையே தங்கச்சி. இருக்கலாம்."

"எப்பவாச்சும் ரோட்டுல இவளப் பார்த்தா அடையாளம் தெரியுமா அவுங்களுக்கு?"

நானும் அதை யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு படம் அனுப்பினோம். தாலி கட்டினது, மாலை மாற்றினது, இரண்டு குடும்பமும் கோயில் வாசலில் நின்றது. அவளுக்கு வெயில் பிடிக்கும் என்பதுகூட அந்த ஆளுக்குத் தெரியும்.

"தெரியும்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

"தெரிஞ்சா நல்லது" என்றார் அவர். "தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு இருக்கும்."